தெளிந்திருந்த சாயங்காலம்

ஞானதுரைக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் பேச வேண்டியிருந்தது. பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு அறை அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். இன்றைக்கு நடுவில் ஒரு மேஜை, மேஜை மேல் கேக், கேக்கில் ஒற்றை மெழுகுவர்த்தி, பக்கத்தில் நீல டப்பாவுக்குள் பித்தளைப் பதக்கம். ஒரு வருஷம் சொட்டுக்கூடத் தொடாதவனுக்கு அது பிறந்தநாள். ஞானதுரைக்கு நாற்பத்தாறு வயசு, இங்கே ஒன்று. பதக்கத்தை யார் எடுத்துக் கொடுப்பது என்பதில் தூத்துக்குடியில் இந்தக் குழுவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. குடித்தவன் கையால் ஆக அதிகம் பட்டவர் எவரோ, அவர்தான் கொடுக்க வேண்டும். அதனால் அவன் மனைவி ஜெயசீலி வந்திருந்தாள். வட்டத்தில் அவனுக்கு நேர் எதிரே, பச்சைச் சேலையில், மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது காது கேட்காது. அதனால் தலையைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தாள், யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிறவள் மாதிரி. ஒரு வருஷமாக வாரம் தவறாமல் அவன் இந்த அறையில் சொல்லிவந்த கதையை இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கப் போகிறாள். அவளைப் பற்றிய கதை. அது பொய் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்.

கதை நன்றாகப் பழகிவிட்டிருந்தது. முதல் தடவை நாக்குக் குழறிப் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். பத்தாவது தடவைக்கு எந்த இடத்தில் நிறுத்தினால் எதிரே இருக்கிறவர் கண்ணைத் துடைப்பார் என்று தெரிந்துபோயிற்று. "அன்னைக்கு எவ்வளவு குடிச்சேன்னு எனக்கே தெரியாது. எப்படி வீடு வந்தேன்னும் தெரியாது. காலையில கண்ணு முழிச்சா அடுப்பாங்கரைத் தரையில ரத்தம். யாரு ரத்தம்னு என் வீட்டுக்காரிகிட்டயே போய்க் கேக்கேன். அவ ஒரு காதுல துணியை வச்சு அமுத்திக்கிட்டு, என்னைப் பார்த்து, காப்பி குடிக்கீகளான்னு கேட்டா." இந்தக் காப்பியில்தான் எல்லோரும் உடைவார்கள். ஆஸ்பத்திரியில் குடியை விட வைக்கும் வார்டிலிருந்து நோயாளிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இந்தக் காப்பியைக் கேட்க வைத்திருக்கிறார்கள். கூட்டத்தை நடத்துகிற இசக்கிமுத்து, அவனைவிடப் பன்னிரண்டு வயசு இளையவன், ஆட்டோ ஓட்டுகிறவன், "அண்ணாச்சி, உங்க காப்பிக்கு இந்த ஊர்ல எந்தக் கடையும் ஈடில்ல" என்று கிண்டல் பண்ணுவான். காப்பி என்று ஒன்று நடக்கவேயில்லை. மறுநாள் காலையில் ஜெயசீலி காதில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் பெஞ்சில் இருந்தாள். அவன் வீட்டில் இருந்தான். அந்தக் காப்பியை எங்கிருந்து எடுத்தான்? எடுக்கவில்லை, பேசிக்கொண்டிருக்கும்போது வாயில் வந்தது, வந்ததை விழுங்க மனசில்லை, இப்போது அது ஞாபகமாகவே ஆகிவிட்டது, டம்ளரின் விளிம்பில் சின்ன நசுங்கல்கூடத் தெரிகிறது. இல்லாத டம்ளருக்கு நசுங்கல்.

"நான் ஒரு குடிநோயாளி" என்று வாத்தியார் எழுந்து நின்றார். வட்டம் மொத்தமும் வணக்கம் சொன்னது. ரிட்டையரான தமிழ் வாத்தியார், எதையும் மூன்றாகப் பிரித்துத்தான் சொல்வார். குடி முதலில் தன் பையைத் தின்றது, பிறகு தன் ஈரலைத் தின்றது என்று ஆரம்பித்தார். ஞானதுரைக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த லாரி டிரைவர் கடலை மென்றுகொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, தோலை உரசி, வாயில் போட்டு, நிதானமாக. கடக். கடக். அந்தத் தாடையில் ஓங்கி ஒன்று விட்டால் என்ன ஆகும் என்று ஞானதுரையின் மனசு பார்த்தது. பார்த்தது என்றால் முழுசாகவே பார்த்தது: கீழ்த்தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, மென்ற கடலை எச்சிலோடும் ரத்தத்தோடும் சட்டையில் வழிந்து, நாற்காலி பின்னால் சரிந்து, பின்மண்டை பெஞ்சு மூலையில் தட்டுகிற சத்தம்வரை. அப்புறம் லாரி டிரைவர் திரும்பி, உள்ளங்கையில் நாலு கடலையை நீட்டி, "எடுத்துக்கோங்க அண்ணாச்சி, பிறந்தநாள்லா" என்றார். அவன் எடுத்துக்கொண்டான். உப்புப் போட்ட கடலை. வாயெல்லாம் நல்ல ருசி. இதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. குடிக்காமல் இருந்த இந்த முந்நூற்றறுபத்தைந்து நாளும் தினம் பத்துப் பேரையாவது அவன் மனசுக்குள் அடித்துக்கொண்டுதான் இருந்தான். சைக்கிளில் குறுக்கே வந்தவனை. சில்லறை இல்லை என்ற கண்டக்டரை. அவன் வேலை பார்க்கிற ஐஸ் கம்பெனியில் மேஸ்திரி "என்னவே, கை கூசுதோ?" என்று கேட்டபோது, ஐஸ் பாளம் இழுக்கிற கொக்கியை அவர் தோள்பட்டையில் மாட்டித் தரையோடு இழுத்துக்கொண்டு போனான். மனசுக்குள்தான். வெளியே, "இல்ல மேஸ்திரி" என்று சிரித்தான். எல்லோரும் சொல்வார்கள், குடியை விட்டபிறகு ஞானதுரை எவ்வளவு சாது.

குடி ஒரு நோய் என்று வார்டு டாக்டர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டபோது அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நோய் அடித்தது, நான் அடிக்கவில்லை. சர்க்கரை வந்தவன் காலை நோய் தின்கிற மாதிரி, குடி வந்தவன் பெண்டாட்டியின் காதைத் தின்றுவிட்டது. இசக்கிமுத்து மட்டும் அப்படி லேசில் விடவில்லை. குடியை விடுகிறவன் ஏறவேண்டிய பன்னிரண்டு படிகளில் நான்காம் படி என்று ஒரு நோட்டைக் கொடுத்து, "செஞ்சதையெல்லாம் எழுதுங்க அண்ணாச்சி, குடி செஞ்சதுன்னு எழுதாதீங்க, நான் செஞ்சேன்னு எழுதுங்க" என்றான். மூன்று மாசம் எழுதினான். அம்மாவின் சங்கிலியை வித்தது, மகள் ஸ்கூல் ஆண்டுவிழாவில் மேடையில் ஏறி விழுந்தது, சக வேலைக்காரன் மண்டையைப் பாட்டிலால் உடைத்தது. எழுதியதை ஒருவரிடம் வாசித்துக் காட்டுகிற ஐந்தாம் படி அன்றைக்கு, ஆட்டோவைக் கடற்கரையில் நிறுத்திவிட்டு, இசக்கிமுத்து பின்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டு முழுவதையும் வாசிக்கக் கேட்டான். ஜெயசீலியின் காது பதினேழாம் பக்கத்தில் இருந்தது. 'போதையில்' என்று அந்த வரி தொடங்கியது. வேறு எந்த வரியும் அப்படித் தொடங்கவில்லை. வாசித்து முடித்ததும் இசக்கிமுத்து கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "முழுசா சொல்லிட்டீகளா அண்ணாச்சி?" "முழுசா." "ஒண்ணும் பாக்கி இல்லையே?" "அதான் சொல்லிட்டேன்லா." அந்த 'லா'வில் ஏறிய சூட்டை இசக்கிமுத்து கவனித்திருப்பானோ? வெளியில் ஒரு நண்டு ஆட்டோச் சக்கரத்தில் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை மிதித்து அரைக்க வேண்டும்போல் இருந்தது. இறங்கிப் போய் மிதித்தான். அது மனசுக்குள் இல்லை.

வாத்தியார் மூன்றாவதாகக் குடி தன் மானத்தைத் தின்றதற்கு வந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து புதுப் பையன், ஆஸ்பத்திரிச் சட்டையோடு வந்தவன், எழுந்து நின்றான். "எனக்குப் பேச வரலைங்க" என்றான். "வந்ததே பேச்சுதாம்லே, உக்காரு" என்றான் இசக்கிமுத்து. சிரிப்பு. ஒருவன் குறைந்துவிட்டான். இனி லாரி டிரைவர் மட்டும். ஞானதுரையின் உள்ளங்கை வியர்த்தது. உள்ளங்கை. அந்த உள்ளங்கைதான்.

அன்றைக்கு அவன் குடிக்கவில்லை. இதை மனசுக்குள்ளேயே முழு வாக்கியமாகச் சொல்லி எத்தனை நாளாயிற்று. அன்றைக்கு அவன் குடிக்கவில்லை. தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. விபூதிப் புதனிலிருந்து பாஸ்கா வரை தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டு, பதினோராவது நாள். பதினோரு நாளும் தோலுக்குள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, ஆனால் தலை தெளிவு, ஐஸ் பாளம் மாதிரித் தெளிவு, அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் தெரிகிற தெளிவு. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தான். ஜெயசீலி வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "பாருங்கக்கா, எங்க வீட்டு ராசா விளக்கு வைக்க முன்னாடியே வந்துட்டாரு, மழை கிழை வரப்போவுது" என்றாள். அவ்வளவுதான். சந்தோஷத்தில் சொன்னாள். பதினோரு நாள் சந்தோஷம். பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். உள்ளே போய், "ஜெயசீலி" என்று கூப்பிட்டான், சத்தமாகக்கூட இல்லை. டிபன் கேரியரைக் கவிழாதபடி மேடை மேல் வைத்தான். அப்புறம் வாட்ச்சைக் கழற்றினான். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச், கண்ணாடி உடைந்துவிடக் கூடாது. வாரை உருவி, டி.வி. மேல், முகம் மேலே பார்க்க வைத்தான். ஆறு பத்து. உள்ளே வந்த ஜெயசீலி முதலில் பார்த்தது வாட்ச்சைத்தான். அவன் முகத்தை அதற்கப்புறம்தான் பார்த்தாள். திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள், வெளியே கேட்கக் கூடாதென்று. அவளே சாத்தினாள். சாத்திவிட்டுத் திரும்பும்போது விழுந்தது முதல் அடி. விரித்த உள்ளங்கை, இடது காது, பாளத்தில் உளி இறங்குகிற சத்தம். கிரைண்டர் மூலையில் போய் விழுந்தாள். கொண்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, அதே காதில், அதே இடத்தில், குறி பார்த்து. மூன்றாவது அடிக்கு அவள் கையை வைத்து மறைத்தாள். அந்தக் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு அடித்தான். மூன்று. அவன் எண்ணினான். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கி ஜாக்கெட்டுக்குள் போகிற பாதைகூட ஞாபகம் இருக்கிறது. நாலாவது அடி விழாததற்குக் காரணம் இரக்கம் இல்லை. கை வலித்தது.

அப்புறம்தான் பயம் வந்தது. அவளுக்கு என்ன ஆச்சோ என்று இல்லை. தெளிவாக இருந்து இதைச் செய்தவன் யார் என்ற பயம். நாலு எட்டில் டாஸ்மாக். ஒரு குவார்ட்டரை வாங்கி, தண்ணீர் கலக்காமல், சுவரைப் பார்த்து நின்று பாதியை விழுங்கினான். மீதிப் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான். ஊற்றினான், சிந்தவில்லை. தெரு முனையிலிருந்து தள்ளாடத் தொடங்கினான். இருபது வருஷம் தள்ளாடிய கால், அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. "தபசு காலத்துலயும் அடங்கல பாரு" என்று குடத்துக்காரிகளில் ஒருத்தி சொன்னது காதில் விழுந்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. குடிகாரன். நான் குடிகாரன். எவ்வளவு நிம்மதியான பெயர். ராத்திரி ஜெயசீலியின் அண்ணன் ஆரோக்கியம் வந்து, அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகும்முன் அவனை நாலு மிதி மிதித்தபோதும் மகிழ்ச்சியாகவே வாங்கிக்கொண்டான். அதற்கப்புறம் இரண்டு மாசம் விடாமல் குடித்தான், பொய்யை உண்மையாக்குவது போல. அவனை வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் ஆரோக்கியம்தான். குடியை விட்டு இரண்டு மாசம் கழிந்து ஜெயசீலியைத் திருப்பி அனுப்பும்போது அவர் சொன்னது: "குடி செஞ்சதுன்னுதாம்வே அனுப்புதேன். தெளிவா இருந்து கை வச்சிருந்தீர்னா எங்க பிள்ளையை இந்த வாசப்படி ஏத்தியிருக்க மாட்டேன்." அப்போது ஜெயசீலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனிடமும் டாக்டரிடமும் 'குடிச்சிருந்தாக' என்று சொன்னது அவள்தானே. ஏன் சொன்னாள்? இந்த ஒரு வருஷத்தில் அதை அவன் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. இரண்டு பேரும் அந்தப் பொய்க்கு இரண்டு பக்கமும் படுத்துத் தூங்கினார்கள்.

இப்போது எழுந்து உண்மையைச் சொன்னால் அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? இத்தனை பேர் நடுவில் அவளையும் அல்லவா பொய்க்காரி ஆக்க வேண்டும். அடுத்தவருக்குத் தீங்கு வரும் என்றால் சொல்ல வேண்டியதில்லை என்று படிகளிலேயே ஒரு இடம் இருக்கிறது, அதை அவன் எத்தனையோ தடவை தடவித் தடவிப் பார்த்திருக்கிறான். ஒருவேளை உண்மையை மறைப்பதுதான் அவளுக்குச் செய்கிற நல்லதோ. அவளுக்காகத்தான். அவளுக்காகத்தானா? அவளுக்காக என்றால் காப்பி யாருக்காக? இந்தக் கைதட்டல் யாருக்காக? சொன்னால் அவள் போய்விடுவாள். ஆரோக்கியம் ஆட்டோவோடு வந்து நிற்பார். சொல்லாவிட்டால், பதக்கத்தை வாங்கிக்கொண்டு, கேக்கை வெட்டி, முதல் துண்டை அவள் வாயில் ஊட்ட வேண்டும். இந்தக் கையால்.

லாரி டிரைவர் எழுந்து, குடித்துவிட்டு மாமனார் வீடென்று நினைத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் போய்ப் பாய் போடச் சொன்ன கதையைச் சொன்னார். "ஏட்டய்யா சொன்னாரு, மாப்பிள்ளே, வெத்தல பாக்கும் வைக்கவான்னு." அறை குலுங்கியது. அப்போது ஜெயசீலியும் சிரித்தாள். கைப்பையை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவின் தோளில் கை வைத்து, வாய்விட்டு. அந்தம்மா அவள் நல்ல காதுப் பக்கம் குனிந்து என்னவோ சொன்னாள், ஜெயசீலி ஞானதுரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னும் சிரித்தாள். என்ன சொன்னாள்? என்னைப் பற்றியா? வயிற்றிலிருந்து ஒரு வெப்பம் கிளம்பி, நெஞ்சில் நிற்காமல், தோள் வழியாகக் கைக்கு இறங்கியது. தெளிவான வெப்பம். வாடை இல்லாதது, தள்ளாட்டம் இல்லாதது. அறையில் எல்லாமே துல்லியமாகத் தெரிந்தது: கரும்பலகையில் அழியாமல் கிடந்த கூட்டல் கணக்கு, கேக்கில் எழுதிய தன் பெயர், அவள் காதோரத்து நரை. விரல் நுனியில் என்னவோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தான். அவன் வலது கை, அவனைக் கேட்காமலே, இடது மணிக்கட்டில் வாட்ச் வாரை உருவிக்கொண்டிருந்தது. பாதி உருவியாயிற்று.

உடம்பு ஒரேயடியாகச் சில்லிட்டுப் போயிற்று. பதினைந்து வயசில் ஐஸ் கம்பெனித் தொட்டியில் தவறி விழுந்தபோதுகூட இப்படிக் குளிர்ந்ததில்லை.

"அடுத்து நம்ம காப்பிக்கார அண்ணாச்சி" என்றான் இசக்கிமுத்து. "அதுக்கு முன்னாடி மதினி ரெண்டு வார்த்தை சொல்லட்டும். வாங்க மதினி, பயப்படாதீக, இங்க எல்லாருமே உங்க வீட்டுக்காரர் மாதிரிதான்." மறுபடியும் சிரிப்பு. ஜெயசீலி மேஜையருகே வந்து, நீல டப்பாவைத் திறந்து, பதக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் பேசத் தெரியாது" என்றாள். "இவுக நல்லவுக. குடிதான் இவுகளைக் கெடுத்துச்சு. அன்னைக்கும் குடிதான். குடி இல்லேன்னா இவுக ஒரு எறும்பைக்கூட..." அந்த இடத்தில் அவள் குரல் தடுக்கியது. தடுக்கியதை வேறு யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.

"நிறுத்துங்க" என்றான் ஞானதுரை. எழுந்தது அவனுக்கே தெரியவில்லை. வாட்ச் கீழே விழுந்தது. "அன்னைக்கு நான் குடிக்கல."

"அண்ணாச்சி, கதையை மாத்துதீகளே" என்று லாரி டிரைவர் சிரித்தார். ஒருவரும் கூடச் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பதினோரு நாளா தொடல. தெளிவா இருந்தேன். வாட்ச்சைக் கழட்டி வச்சிட்டு அடிச்சேன். மூணு அடி. மூணும் ஒரே காதுல. அடிச்ச பிறகுதான் போய்க் குடிச்சேன், மிச்சத்தைச் சட்டையில ஊத்திக்கிட்டேன். காப்பி பொய்."

"என்கிட்ட முழுசா சொல்லிட்டேன்னு சொன்னீகளே அண்ணாச்சி" என்றான் இசக்கிமுத்து. அவன் முகத்தில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை.

"பொய்."

எதற்கும் கைதட்டுகிற அறை, இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. ஞானதுரை ஜெயசீலியைப் பார்த்தான். அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி நேராக நின்றாள்.

"நீங்க குடிக்கலன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "மூச்சுப் படுற தூரத்துல நின்னவ நான்தானே. குடிச்சிருந்தாகன்னு ஊருக்குச் சொன்னேன். குடிச்சவனோட வாழ்ந்திரலாம், குடி போனாச் சரியாயிடும்னு ஒரு இது இருக்கும்லா. சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிட்டேன். திரும்பி வந்த நாள்ல இருந்து நீங்க வாசல்ல கால் வைக்கையில மூக்கைத் தீட்டிக்கிட்டுத்தான் நிப்பேன். வாடை இல்லேன்னா அன்னைக்கு நல்லாத் தூங்குவேன்." கையில் இருந்த பதக்கத்தைப் பார்த்தாள். "இனி எதை மோந்து பார்க்கட்டும்?"

"தெரியல" என்றான்.

"இப்பவும் அடிக்க வருதா?"

வாயில் ஒரு 'இல்ல' தயாராக இருந்தது. உருண்டையாக, வழவழவென்று, ஒரு வருஷமாக உருட்டி வைத்த 'இல்ல'. அதை விழுங்கினான்.

"வருது. இப்பக்கூட வந்துச்சு. நீ சிரிச்சப்ப."

புதுப் பையனின் நாற்காலி கிறீச்சிட்டது. ஜெயசீலி ஓரடி பின்னால் நகர்ந்தாள். நகர்ந்ததை மறைக்கவும் இல்லை. பதக்கத்தை டப்பாவுக்குள் வைத்து மூடி, மேஜை மேல் வைத்தாள். ஞானதுரை நாற்காலியை இழுத்து உட்காரப் போனான்.

"உக்காராதீங்க" என்றாள் ஜெயசீலி. "கல்யாணம் ஆன மறுவாரத்துல இருந்து அடிச்சதையெல்லாம் சொல்லுங்க. எதெது குடிச்சு, எதெது குடிக்காமன்னு ஒண்ணொண்ணா பிரிச்சுச் சொல்லுங்க. நீங்க விட்டதை நான் சொல்லுதேன். அதுக்கப்புறம் நான் எந்த வீட்டுக்குப் போறதுன்னு முடிவு பண்ணிக்கிடுதேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள், அவன் கை எட்டாத தூரத்தில்.